எந்த பிட்ச்சுக்குப் போகலாம், எதை விட்டுவிடலாம்: புதுச்சேரி ஏஜென்சிக்காரர் ஒருவருக்குப் பதில்

கேட்டவர் புதுச்சேரியில் நாலைந்து பேராகச் சேர்ந்து ஒரு சின்ன விளம்பர ஏஜென்சி ஆரம்பித்திருக்கிறார். பிட்ச் என்றால், விளம்பர வேலையை யாருக்குக் கொடுப்பது என்று முடிவெடுக்க ஒரு கிளையன்ட் கூப்பிட, ஏஜென்சிகள் போய்த் தங்கள் யோசனையைக் காட்டிப் போட்டி போடுவது. மாதம் முழுக்க பிட்ச், பிட்ச் என்றே ஓடுகிறோம், ராத்திரித் தூக்கம் போய்விட்டது, இவ்வளவு டென்ஷனுக்கு ஏற்ற பலன் இந்தத் தொழிலில் உண்டா என்பது அவருடைய கேள்வி. ஈசிஆர் பக்கம் ஒரு ரிசார்ட்டிலிருந்து பிட்ச்சுக்குக் கூப்பிட்டிருக்கிறார்களாம், போகலாமா என்றும் கேட்டிருக்கிறார். நானும் இதே ஊரில் இதே தொழிலில் பல வருஷமாக இருப்பவன். கடலூர், பண்ருட்டி, விழுப்புரம் வரைக்கும் கிளையன்ட் உண்டு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பலன் உண்டு. ஆனால் டென்ஷனில் பெரும்பங்கு, போகவே வேண்டாத பிட்ச்சுக்கெல்லாம் போவதால் வருவது. அதைக் குறைத்துவிட்டால் மிச்சமிருக்கிற டென்ஷன் தாங்கக்கூடியதுதான்.

வேலை அதிகமானால் வருகிற களைப்பையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஆடித் தள்ளுபடி நேரத்தில் ஜவுளிக்கடைக்காரர் ஒரே வாரத்தில் பேப்பர் விளம்பரம், நோட்டீஸ், எஃப்.எம். ஸ்பாட், ஃப்ளெக்ஸ், ரீல்ஸ் எல்லாம் கேட்பார். ராத்திரி பகலாக உட்கார்ந்து முடிப்போம். உடம்பு வலிக்குமே தவிர மனசு கெடாது. என்ன செய்யவேண்டும், யார் சரி சொல்வார், பணம் எப்போது வரும் என்பதெல்லாம் தெரிந்த வேலை அது. பிட்ச்சில் இந்த மூன்றுமே தெரியாது. தூக்கத்தைக் கெடுப்பது அந்தத் தெரியாமைதான். ஆகவே போவதற்கு முன்னால் இந்த மூன்றில் இரண்டையாவது தெரிந்துகொள்ளப் பாருங்கள்.

அதில் முக்கியமானது, யார் சரி சொல்வார் என்பது. நம் பக்கத்து வியாபாரம் பெரும்பாலும் குடும்ப வியாபாரம். கூப்பிடுகிறவர் ஒருவர், என்ன வேண்டும் என்று பிரீஃப் கொடுப்பவர் இன்னொருவர், பிரசன்டேஷனைப் பார்ப்பவர்கள் வேறு ஆட்கள், முடிவெடுப்பவர் அந்த அறையிலேயே இல்லாதவர். ஆடிட்டராக இருக்கலாம், மைத்துனராக இருக்கலாம், வீட்டம்மாவாகவும் இருக்கலாம்.

கடலூரில் ஒரு பழைய ஜவுளிக்கடை. சென்னையில் படித்துவிட்டு வந்த மகன்தான் எங்களைக் கூப்பிட்டார். ‘யங்ஸ்டர்ஸ் உள்ள வரணும், கடைக்கு ஒரு புது லுக் வேணும்’ என்பது அவர் கொடுத்த பிரீஃப். மாடியில், புடவைக் கட்டுகள் கூரை வரை அடுக்கியிருந்த குடோனை ஒட்டிய அறையில் புரொஜெக்டரைப் போட்டோம். மகன், அவருடைய நண்பர் ஒருவர், கடை மேனேஜர். நாங்கள் பேசப்பேச மகன் தலையாட்டிக்கொண்டே இருந்தார். பாதியில் கதவைத் திறந்துகொண்டு அப்பா வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. நாற்காலி போட்டும் உட்காரவில்லை, சுவரோரம் நின்றார். மகன் தலையாட்டுவதை நிறுத்திவிட்டார்.

ஹோர்டிங் டிசைன் திரையில் வந்ததும் பெரியவர் கேட்டார்: ‘தம்பி, இத எங்க வைக்கப்போறீங்க?’

‘அரியாங்குப்பம் பாலம் தாண்டிங்க அய்யா. பாண்டிலேர்ந்து கடலூர் வர்ற பஸ் எல்லாம் அந்த வழியாத்தான்.’

‘பஸ்ஸுல போறவன் எவ்ளோ நேரம் இதப் பார்ப்பான்? ஒரு வரி படிக்கறதுக்குள்ள பஸ்ஸு தவளக்குப்பம் போயிடும். நீங்க ஒரு பத்தி எழுதி வச்சிருக்கீங்க. கடை பேரு கடைசில இருக்குது.’

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எங்கள் டிசைனர் பெண் மேஜையில் இருந்த பிரின்ட் அவுட்டை எடுத்து, பேனாவால் பாதி வார்த்தைகளை அடித்து, கடைப் பெயரைச் சுற்றி வட்டம் போட்டு மேலே ஒரு அம்புக்குறி இழுத்து அவரிடம் நீட்டினாள். பெரியவர் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துப் பார்த்தார். ‘இப்ப படிக்க முடியுது’ என்றார். அப்புறம் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, போன தீபாவளிக்குப் பேப்பருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கேட்டார். பணப் பேச்சு வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று அர்த்தம். வேலை எங்களுக்குத்தான் வந்தது. நாங்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து செய்த வீடியோவை அந்த வீட்டில் யாரும் அன்றைக்குப் பார்க்கவே இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே வியாபாரிகளுக்கு விளம்பரம் தெரியாது, நாம் போய்ச் சொல்லிக்கொடுக்கிறோம் என்கிற நினைப்போடு புதிதாக வருகிற பிள்ளைகள் நிறையப் பேர். அது தப்பு. சின்ன பாக்கெட்டில் ஷாம்பு விற்கிற வழிக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் சின்னி கிருஷ்ணன் கடலூர்க்காரர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாயோடு சிக் ஷாம்புவை ஆரம்பித்தார். கிராமத்துக்குப் போய் ஒரு பையனை உட்காரவைத்து, ஊர் பார்க்கத் தலைக்குத் தேய்த்துக் காட்டினார்கள். ரஜினி படம் போட்டு நடுநடுவே விளம்பரம் ஓட்டினார்கள். எந்த கம்பெனியாக இருந்தாலும் சரி, ஐந்து காலி பாக்கெட்டைக் கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். பிற்பாடு, சிக் பாக்கெட்டாக இருந்தால்தான் என்று மாற்றிக்கொண்டார்கள். இதில் எதுவும் ஏசி அறையில் புரொஜெக்டர் போட்டுக் கிடைக்கிற யோசனை அல்ல. வாடிக்கையாளர் எங்கே நிற்பார், என்ன பார்ப்பார், எதற்குக் கை நீட்டுவார் என்று கவனித்த ஆட்களின் வேலை. பிட்ச்சுக்கு முந்தின நாள் அரை நாள் அந்தக் கடையில் போய் நில்லுங்கள். ஒரு அழகான ஸ்லைடைவிட, ‘சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் உங்க கடைக்குப் பொம்பளைங்க கூட்டம் வருது, அந்த நேரத்துல உங்க போர்டு லைட்டு பாதி எரியல’ என்று சொன்னால் எடுபடும்.

சரி, ரிசார்ட்டுக்கு வருவோம். போனிலேயே நான்கு விஷயம் கேட்டுவிடுங்கள். மொத்தம் எத்தனை ஏஜென்சியைக் கூப்பிட்டிருக்கிறீர்கள்? வருஷத்துக்குத் தோராயமாக என்ன பட்ஜெட்? பிரசன்டேஷனில் முதலாளி உட்காருவாரா? இதற்கு முன்னால் யார் செய்தார்கள், ஏன் மாற்றுகிறீர்கள்? நாலாவதுதான் எனக்கு முக்கியம். ‘பழைய ஏஜென்சி சரியில்லைங்க, அவங்களுக்கு முன்னாடி இருந்தவங்களும் சரியில்லை’ என்று சொன்னால் அடுத்து சரியில்லாமல் போகப்போவது நீங்கள்தான். ‘சென்னையில இருக்காங்க, போன் எடுக்கறதில்ல’ என்றால் அது உங்களுக்கு நல்ல செய்தி. பட்ஜெட்டைச் சொல்லவே மாட்டேன் என்கிறவர்களிடம் நான் போவதில்லை. ‘நீங்க ஐடியா சொல்லுங்க, பட்ஜெட்ட அப்புறம் பாத்துக்கலாம்’ என்றால் ஐடியா மட்டும்தான் வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஏழெட்டு ஏஜென்சியை ஒரே நாளில் வரிசையாக உட்காரவைத்திருக்கிறார்கள் என்றாலும் வேண்டாம். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வருகிற ஏஜென்சி பேசுவது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த பதில்கள் திருப்தியாக இருந்து, போவது என்று முடிவெடுத்தால், ரிசார்ட்டின் அழகைப் பற்றிப் பேசாதீர்கள். கடல், சூரிய உதயம், பிரெஞ்சு வீடு, காகிதப்பூ இதையெல்லாம் எல்லா ஏஜென்சியும் காட்டும். பாண்டிச்சேரியில் அறை வைத்திருப்பவர்களுக்கு சனி, ஞாயிறு பிரச்சினை இல்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் கார்கள் தானாக வரும். செவ்வாய், புதன் அறை காலியாகக் கிடப்பதும், புக்கிங் ஆப்புகளுக்குக் கமிஷன் கொடுத்துக் கைக்கு மிஞ்சுவது குறைவதும்தான் முதலாளியின் தலைவலி. வார நாளில் யாரை வரவைக்கலாம், கம்பெனி ஆட்களின் மீட்டிங்கா, சின்னக் கல்யாணங்களா, நேரடி புக்கிங்குக்கு என்ன வழி, இதற்கு ஒரு பதிலோடு போனால் நீங்கள் பேசுகிற இருபது நிமிஷமும் அவர் போனை எடுக்கமாட்டார்.

பிட்ச் என்றதும் நாடகம் போடவேண்டும் என்று சிலருக்கு ஆசை. 1970களில் லண்டனில் ஆலன் பிரேடி அண்ட் மார்ஷ் என்ற ஏஜென்சி பிரிட்டிஷ் ரயில் அதிகாரிகளை அழுக்கான வரவேற்பறையில், நிரம்பி வழிகிற ஆஷ்ட்ரேக்களுக்கு நடுவே, யாரும் கண்டுகொள்ளாமல் காக்கவைத்ததாம். அவர்கள் கோபித்துக்கொண்டு கிளம்பும் நேரத்தில் உள்ளேயிருந்து வந்து, ‘உங்கள் ரயிலில் வருகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கிறது, வாருங்கள் சரிசெய்வோம்’ என்றார்களாம். வேலையும் கிடைத்தது. விளம்பரத் தொழிலில் எல்லோரும் சொல்கிற கதை இது. இதை கடலூர் லாரன்ஸ் ரோட்டில் ஒரு நகைக்கடைக்காரரிடம் செய்து பாருங்கள், வாசலைத் தாண்டுவதற்குள் உங்கள் பெயர் திருப்பாதிரிப்புலியூர் முழுக்கப் பரவியிருக்கும்.

அடுத்தது, எல்லோருக்கும் இருக்கிற பயம்: ஐடியாவைத் திருடிவிடுவார்களே. திருடுவார்கள். எனக்கும் நடந்திருக்கிறது. பிட்ச்சில் காட்டிய வரி ஒன்று, நாலு மாதம் கழித்து, ஒரு எழுத்துப் பிழையோடு, ஊருக்கு வெளியே ஒரு ஹோர்டிங்கில் நின்றது. வரியைத் திருடியதைவிட அந்தப் பிழைதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. சட்டத்தில் என்ன வழி என்று கேட்டால், 1957-ஆம் வருஷப் பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் யோசனையைக் காப்பாற்றாது. அந்த யோசனைக்கு நீங்கள் கொடுத்த உருவத்தைத்தான் காப்பாற்றும். 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘மாமியாரும் மருமகளும் ஒரே புடவைக்குச் சண்டை போடுகிற மாதிரி ஒரு விளம்பரம்’ என்று வாயால் சொன்னால் அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட், வரைந்த லேஅவுட், போட்ட ஜிங்கிள் அப்படியே வந்தால் கேட்கலாம். தனி ஒரு வரிக்கு அதுவும் கஷ்டம்.

ஆனால் ஒரு ஹோர்டிங்குக்காக வக்கீலிடம் அலைவது நமக்குக் கட்டுப்படியாகாது. நடைமுறையில் நாங்கள் செய்வது வேறு. பிரசன்டேஷனுக்கு முன்னால் ஒரு மெயில் அனுப்புவோம்: இன்ன தேதியில் இன்னின்ன டிசைன்களைக் காட்டுகிறோம், பணம் கொடுத்து எழுத்தில் ஒப்புக்கொள்ளும் வரை இவை எங்களுடையவை என்று நாலு வரி. காட்டுவோம், ஆனால் ஃபைலைக் கொடுக்கமாட்டோம். ‘பென்டிரைவ்ல போட்டுட்டுப் போங்க, சார் பாக்கணும்’ என்றால், ‘சாருக்கு நாங்களே நேர்ல வந்து காட்டறோம்’ என்போம். முழு கேம்பெய்னையும் கொண்டுபோவதில்லை. ஒரு கான்செப்டை முழுசாக, இன்னொன்றைப் பேச்சில். பிட்ச்சுக்கு ஒரு சின்னத் தொகை கேட்கலாமா என்றால், கேளுங்கள். கொடுப்பவர்கள் குறைவு. கேட்டதும் முகம் சுளிக்கிறாரா, ‘எவ்வளவு?’ என்று கேட்கிறாரா என்பதிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றி யாரும் புதியவர்களுக்கு நேராகச் சொல்வதில்லை. பிட்ச்சில் ஜெயித்த பிறகுதான் இன்னொரு டென்ஷன் ஆரம்பிக்கும். பேப்பர் விளம்பரத்தில் ஏஜென்சிக்கு வழக்கமான கமிஷன் 15 சதவீதம். அதுவும் பத்திரிகைக்காரர்களின் சங்கமான இந்தியன் நியூஸ்பேப்பர் சொசைட்டியின் அங்கீகாரம் இருந்தால்தான் முழுசாகவும் கடனுக்கும் கிடைக்கும். அது இல்லாத நம் மாதிரி ஆட்கள் அங்கீகாரம் உள்ள இன்னொரு ஏஜென்சி வழியாகப் போட்டு, கமிஷனைப் பங்கு வைத்துக்கொள்கிறோம். கிளையன்டோ, ‘அந்த 15-ல 10-ஐ எனக்குக் கழிச்சுக் கொடுங்க, பக்கத்து ஏஜென்சி கொடுக்கறான்’ என்பார். அவர் சொல்வதும் உண்மையாகத்தான் இருக்கும். கொட்டேஷன் போடும்போது பேப்பர் இடத்துக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, டிசைன், வீடியோ மாதிரி உங்கள் சேவைக்கு 18 சதவீதம் என்று தனித்தனியாகக் காட்டுங்கள். ஒரே தொகையாக எழுதினால் கடைசியில் அந்த வித்தியாசத்தை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

அப்புறம் வசூல். பேப்பருக்கு நாம் கட்டியாகவேண்டும், கிளையன்ட் ‘பொங்கல் கழிச்சுப் பாக்கலாம்’ என்பார். நான் தூக்கம் கெட்ட ராத்திரிகளில் பாதி இந்தக் கணக்கால்தான். கம்பெனி ஆரம்பித்தவுடன் உத்யம், அதாவது மத்திய அரசின் சிறு நிறுவனப் பதிவு, செய்துவிடுங்கள், இலவசம். 2006-ஆம் வருஷத்து எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவன) மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் சிறு நிறுவனங்களுக்குப் பணம் கொடுத்தாகவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. இதைச் சொல்லி எந்தக் கிளையன்ட்டும் பயந்து நான் பார்த்ததில்லை. ஆனால் 2023 பட்ஜெட்டில் வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைச் சேர்த்தார்கள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கிளையன்ட் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, எப்போது கொடுக்கிறாரோ அந்த வருஷம்தான். அது வந்த பிறகு, அதுவரை போனே எடுக்காத ஒரு ஆடிட்டர் மார்ச் மாதத்தில் தானாகக் கூப்பிட்டு ‘உங்க பில் ஏதாவது நிலுவை இருக்குதா?’ என்று கேட்டார். ஆகவே பில்லில் உத்யம் எண்ணைப் பெரிதாகப் போடுங்கள். முதல் சந்திப்பிலேயே அட்வான்ஸ் பேசிவிடுங்கள். அந்தப் பேச்சுக்கு வெட்கப்பட்டால் இந்தத் தொழில் ஓடாது.

அரசு டெண்டர் தனி உலகம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே டென்ஷன் முழுக்கக் காகிதத்தில். டெக்னிக்கல் மதிப்பெண்ணும் விலையும் சேர்த்துப் பார்க்கிற டெண்டராக இருந்தால் கலந்துகொள்ளுங்கள். குறைந்த விலை மட்டும்தான் என்றால், பிரின்டிங் மெஷின் சொந்தமாக வைத்திருப்பவரோடு போட்டி போட முடியாது. மத்தியத் துறைகளிலும், நெய்வேலி என்.எல்.சி. மாதிரி மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களிலும் சிறு நிறுவனங்களுக்கு, டெண்டரோடு கட்டவேண்டிய முன்வைப்புத் தொகையிலிருந்து விலக்கு உண்டு. உத்யம் அங்கேயும் உதவும். புதுச்சேரி அரசு வேலை என்றால் இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். காரைக்காலுக்கு நம் தமிழே போதும். மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு. தமிழில் சிலேடை வைத்து ஒரு வரி எழுதிவிட்டு, அதை மற்ற இரண்டிலும் கொண்டுவர முடியாமல் கடைசி நாளில் தவிப்பது இந்த ஊர் ஏஜென்சிகளுக்கே உள்ள தனித் தலைவலி.

எந்த வேலையை வேண்டாம் என்பது என்பதும் டென்ஷன் கணக்கில் சேர்த்தி. நம் பக்கம் நாட்டு வைத்தியம், மூலிகை மருந்து விற்பவர்கள் நல்ல பணம் வைத்துக்கொண்டு கூப்பிடுவார்கள். ‘சர்க்கரை நோய் 90 நாளில் குணம்’ என்று எழுதச் சொல்வார்கள். சர்க்கரை நோய், புற்றுநோய், சிறுநீரகக் கல், உயரத்தைக் கூட்டுவது என்று ஒரு நீண்ட பட்டியலே 1954-ஆம் வருஷத்து மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தில் இருக்கிறது. அவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரமே கூடாது. அந்த விளம்பரத்தில் பங்கெடுத்தவர்கள் மேலும் சட்டம் பாயும். மாதச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாத நேரத்தில்தான் இப்படி ஒரு பிட்ச் வந்து நிற்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கலாம்.

மழைக்காலத்தையும் சொல்லவேண்டும். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை இந்தக் கரையில் யாரும் நிம்மதியாக ஹோர்டிங் புக் பண்ணமாட்டார்கள். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரி மரமெல்லாம் சாய்ந்தது, அதோடு அந்தப் பக்கத்து விளம்பரச் செலவும் சாய்ந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை. கடைக்குள் தண்ணீர் நிற்கிற ஆளிடம் கேம்பெய்ன் பேச முடியுமா? தீபாவளிக்கான பிட்ச்சை ஆடியிலேயே முடித்துவிடுங்கள், பொங்கலுக்கானதை ஐப்பசியில். டிசம்பரில் புது பிட்ச் வரவில்லையே என்று மனசை உடைத்துக்கொள்ள வேண்டாம். அந்த மாதத்தில் பழைய பாக்கியை வசூல் பண்ணுங்கள்.

ராத்திரித் தூக்கம் பற்றி ஒரு வார்த்தை. பிட்ச்சுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் டிசைனில் கை வைக்கக்கூடாது என்று எங்கள் ஆபீசில் ஒரு வழக்கம் உண்டு. அதற்கு மேல் செய்கிற மாற்றம் எதுவும் வேலையைத் தேற்றியதாக எனக்குத் தெரியவில்லை. எழுத்துப் பிழைதான் புதிதாகச் சேரும். அந்த நேரத்தில் யார் எதைப் பேசுவது என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வோம். வேலையைச் செய்தவரே பேசட்டும் என்பது என் அபிப்பிராயம். முதலாளி மட்டுமே பேசுகிற ஏஜென்சியில் மற்றவர்களுக்குத் தோல்வி மட்டும்தான் பங்காகக் கிடைக்கிறது, ஜெயிப்பது முதலாளியின் கணக்கில் போய்விடுகிறது. ஒரு வருஷத்தில் அவர்கள் சென்னைக்குக் கிளம்பிவிடுவார்கள்.

இனி பலன். பணம் என்று பார்த்தால், பிட்ச்சில் ஜெயித்த முதல் வருஷத்தில் பெரிதாக எதுவும் நிற்காது. கிளையன்ட்டைப் புரிந்துகொள்ளவே நேரம் போய்விடும். இரண்டாவது, மூன்றாவது வருஷத்தில்தான் அந்தக் கணக்கு லாபத்துக்கு வரும். அமுல் வெண்ணெய் விளம்பரத்தை 1966-இலிருந்து டகுன்யா குடும்பத்தார்தான் செய்துவருகிறார்கள். அத்தனை வருஷமாக வெண்ணெய் விற்பவருக்கும் படம் போடுகிறவருக்கும் நடுவில் இருக்கிற நம்பிக்கையை எந்த பிட்ச்சிலும் வாங்க முடியாது. நம் அளவில், ஒரு ஸ்வீட் கடைக்காரர், ‘இந்த தடவ என்ன பண்ணலாம்னு நீங்களே பாத்துச் சொல்லிடுங்க, கொட்டேஷன் எல்லாம் வேணாம்’ என்று சொல்கிற நாள் வரும். அப்படி நாலைந்து கிளையன்ட் இருந்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று புது பிட்ச் போதும். நீங்கள் இப்போது ஓடுகிற ஓட்டமும் அந்த நாலைந்து பேரைக் கண்டுபிடிக்கத்தான்.

எனக்கு இதைவிடப் பிடித்த பலன் ஒன்று இருக்கிறது. மற்றவர் தொழிலின் உள்பக்கத்தை நமக்குத் திறந்துகாட்டுவது பிட்ச்தான். பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி, முழுப் பருப்பை ஒரு விரலால் தள்ளித்தள்ளி தரம் பிரித்துக் காட்டினார். உடையாத வெள்ளைப் பருப்பு ஒரு குவியல், லேசாகக் கருகியது ஒன்று, இரண்டாகப் பிளந்தது ஒன்று, நொறுங்கியது ஒன்று. எது எந்த ஊருக்குப் போகும், ஐஸ்கிரீம்காரர் எதை வாங்குவார், கல்யாண சமையல்காரர் எதைக் கேட்பார் என்று சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் எழுதிக்கொண்டு போன வரியெல்லாம் அந்த மேஜைமேல் சப்பென்று ஆகிவிட்டது. அந்தக் குவியல்களையே விளம்பரமாக ஆக்கினோம். ஒரு காலேஜ் பிட்ச்சில் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் பெற்றோர் கேட்கிற கேள்விகளை ரிசப்ஷனில் உட்கார்ந்து எழுதினோம். பாதிப் பேர் கேட்டது பஸ் வசதி. படிப்பைப் பற்றி அச்சடித்த பக்கங்களை ஒருவரும் திருப்பவில்லை. எந்த வகுப்பிலும் இதெல்லாம் கிடைக்காது. அந்த காலேஜ் வேலை எங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கடுத்து வந்த ஒரு ஸ்கூல் பிட்ச்சில் நாங்கள் முதலில் பேசியதே பஸ் ரூட்டைப் பற்றித்தான்.

தோற்றால் ஒரு காரியம் செய்யுங்கள். உடனே போன் பண்ணாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் கழித்து, யார் கூப்பிட்டாரோ அவரிடம் பேசுங்கள். ‘எங்க குறை என்னன்னு தெரிஞ்சா அடுத்த தடவைக்கு உதவியா இருக்கும்’ என்று கேளுங்கள். பாதிப் பேர் ‘ரேட்டுதாங்க’ என்பார்கள். அதை அப்படியே நம்பவேண்டாம், இரண்டாவதாக என்ன சொல்கிறார் என்று கேளுங்கள். ‘நீங்க பேசுனது நல்லா இருந்துச்சு, ஆனா அப்பாவுக்கு வேற ஒருத்தர் தெரிஞ்சவர்’ என்றால் அந்த பிட்ச் உங்கள் கையில் எப்போதுமே இருந்ததில்லை, மறந்துவிடலாம். ‘எங்க கடைக்கு ஒருதடவ கூட வரலியே’ என்றால் அது உபயோகமான பதில், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போனையே எடுக்காதவர்களும் இருப்பார்கள். அடுத்த வருஷம் அவர்களே திரும்பக் கூப்பிட்டால், முதலில் அந்த நாலு கேள்வியையும் கேட்டுவிட்டு அப்புறம் தேதி கொடுங்கள்.